காடு விழுங்கிய தோட்டம்

70 ஆண்டு மறைந்து கிடந்த ஹெலிகன்: கழிவறைச் சுவர் சொன்ன கதை

இங்கிலாந்தில் ஒரு பழைய கழிவறை இருக்கிறது. சின்னஞ்சிறு அறை. சுண்ணாம்புச் சுவர். அந்தச் சுவரில் பென்சிலால் எழுதிய சில பெயர்கள் மங்கலாகத் தெரிகின்றன. அவ்வளவுதான். ஆனால், அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ மக்கள் வருகிறார்கள். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். வெளியே வரும்போது பலருக்குப் பேச்சு வருவதில்லை.

அந்தப் பெயர்கள் யாருடையவை? அரசர்களா, பிரபுக்களா? இல்லை. மண் வெட்டியவர்கள், நாற்று நட்டவர்கள், பூந்தொட்டி சுமந்தவர்கள். அவர்கள் வேலை செய்த தோட்டத்தின் பெயர் ஹெலிகன். இன்று அதை "காணாமல் போன தோட்டம்" என்று உலகமே அழைக்கிறது.

தோட்டம் காணாமல் போகுமா? பையில் இருந்த பணம் காணாமல் போகலாம். கட்டியிருந்த மாடு காணாமல் போகலாம். ஏக்கர் ஏக்கராகப் பரந்து கிடந்த தோட்டம் எப்படிக் காணாமல் போகும்? அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சீமையின் தென்மேற்குக் கோடி

இங்கிலாந்தின் வரைபடத்தைப் பார்த்தால், தென்மேற்கில் ஒரு கால் நீட்டியதுபோல் நிலம் கடலுக்குள் போகும். அதுதான் கார்ன்வால். மூன்று பக்கமும் கடல். வெள்ளீயமும் செம்பும் தோண்டிய பூமி. மீன்பிடிக்கும் ஊர்கள் நிறைய உண்டு. மெவகிசி என்பது அப்படி ஒரு சிறு துறைமுகம். அங்கிருந்து மேட்டில் ஏறிச் சுமார் 2 மைல் போனால் ஹெலிகன் பண்ணை.

கார்ன்வால்காரர்களுக்குத் தனியாக ஒரு பழைய மொழி உண்டு. அந்த மொழியில் "ஹெலிகன்" என்றால் வில்லோ மரம். ஆற்றங்கரையில் கிளைகளைத் தொங்கவிட்டு நிற்குமே, அந்த மரம்.

1569-ம் ஆண்டில் ட்ரெமெய்ன் என்ற குடும்பத்தார் இந்தப் பண்ணையை வாங்கினார்கள். நம் ஊர் ஜமீன்தார் குடும்பம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். சுமார் 1,000 ஏக்கர் நிலம். சொந்தமாகச் செங்கல் சூளை, மாவு மில், மரம் அறுக்கும் பட்டறை, சாராயம் காய்ச்சும் இடம், பழத்தோப்பு எல்லாம் இருந்தன. உப்புக்கும் துணிக்கும் தவிர வேறு எதற்கும் வெளியே போகவேண்டிய அவசியம் அநேகமாக இருந்திராது.

பணம் இருக்கிறவர்கள் எல்லோரும் தோட்டம் போடுவதில்லை. இந்தக் குடும்பத்தில் தலைமுறைக்குத் தலைமுறை தோட்டப் பித்து இருந்தது. 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹென்றி ஹாக்கின்ஸ் ட்ரெமெய்ன் என்ற பாதிரியார் தொடங்கி வைத்தார். அவருக்குப்பின் மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று நாலு தலைமுறைகள் அதே வேலையாக இருந்தன. ஒருவர் மரம் வைத்தார். அடுத்தவர் வெளிநாட்டுச் செடிகளைக் கொண்டுவந்தார். கடைசியாக வந்த ஜாக் ட்ரெமெய்ன் இத்தாலி நாட்டுப் பாணியில் ஒரு சிறு தோட்டம் அமைத்தார்.

இமயமலை விதை

மரங்களுக்கு அடியில் பூச்செடிகளை வளர்ப்பது அந்தக் காலத்தில் ஒரு பெரிய மோகமாக இருந்தது. வீட்டு முன்னால் பாத்தி கட்டி ரோஜா வைப்பது வேறு. இது வேறு. உயர்ந்த மரங்கள் நிழல் கொடுக்கும். அந்த நிழலில், காட்டில் தானாக முளைத்ததுபோல் செடிகள் நிற்கும். நடந்து போகிறவருக்கு, "இது காடா, தோட்டமா?" என்று சந்தேகம் வரவேண்டும். அப்படி வந்தால்தான் தோட்டம் போட்டவருக்கு வெற்றி.

இதற்குப் பொருத்தமாகக் கிடைத்த செடி ரோடோடெண்ட்ரான். பெயர் வாயில் நுழையவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். நீலகிரியில் சோலைக்காட்டு ஓரங்களில் சிவப்புக் கொத்தாகப் பூத்து நிற்கும் மரத்தைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். அது இந்த இனம்தான்.

ஹெலிகனில் இருக்கும் பழைய ரோடோடெண்ட்ரான்கள் சிலவற்றின் பூர்வீகம் இமயமலை. ஜோசப் ஹூக்கர் என்ற தாவர ஆராய்ச்சியாளர் 1847-ல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு இந்தியா வந்தார். சிக்கிம் மலைகளில் அலைந்து செடி, விதை சேகரித்தார். 1849-ல் சிக்கிம் அதிகாரிகள் அவரையும் கூட வந்த கேம்ப்பெல் என்ற ஆங்கில அதிகாரியையும் பிடித்துக் காவலில் வைத்தார்கள். சில வாரங்கள் கழித்துத்தான் விடுதலை. அதைச் சாக்காக வைத்து ஆங்கிலேயர் சிக்கிமின் ஒரு பகுதியைப் பறித்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை. எதற்கும் நடுவில் விதைகள் மட்டும் பத்திரமாகக் கப்பல் ஏறின. லண்டனில் உள்ள கியூ தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து சீமான்களின் பண்ணைகளுக்குப் பரவின. சிக்கிம் மலைச்சரிவில் பனியில் பூத்த செடி, கார்ன்வால் கடற்கரையில் வேர்விட்டது.

ஊட்டித் தாவரவியல் தோட்டத்தை உருவாக்கிய மக்கைவரும் இதே கியூ தோட்டத்தில் இருந்து வந்தவர்தான். அவர் ஊட்டிக்கு வந்த ஆண்டு 1848. ஹூக்கர் வடக்கே மலை ஏறிக்கொண்டிருந்தபோது, மக்கைவர் தெற்கே மலையில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்!

ஹெலிகனில் தெற்கு நோக்கி ஒரு பள்ளத்தாக்கு இறங்குகிறது. குளிர்காற்று அங்கே எளிதில் புகாது. மேலே உள்ள தோட்டத்தைவிட அந்தப் பள்ளத்தில் 5 டிகிரி வரை வெப்பம் கூடுதல். அதைக் கண்டுபிடித்த ட்ரெமெய்ன்கள் அங்கே வாழையும் மூங்கிலும் பனை வகைகளும் வைத்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து மரம்போல் உயரும் பெரணிகள் வந்தன. வாழை நமக்குக் கொல்லைப்புறத்துச் செடி. ஆங்கிலேயனுக்கு அது அதிசயம். இந்தப் பள்ளத்துக்கு இப்போது "ஜங்கிள்" என்றே பெயர்.

குதிரைச் சாணத்தில் பழுத்த அன்னாசி

எல்லாவற்றையும்விட வேடிக்கை, அன்னாசிப் பழக் குழி.

கொல்லிமலைப் பக்கம் போனால் சாலை ஓரத்தில் அன்னாசியைக் குவித்து வைத்து விற்பார்கள். ஆனால் குளிர் நாட்டில் 200, 250 ஆண்டுகளுக்கு முன் அன்னாசி என்பது வைரம் மாதிரி. விருந்து வைக்கிற சீமான் மேஜை நடுவில் ஓர் அன்னாசியை வைத்தால் அவர் பெரும் பணக்காரர் என்று அர்த்தம். வாங்க வசதி இல்லாதவர்கள் ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்து வைத்ததும் உண்டாம். விருந்தாளிகள் அதைப் பார்க்கலாம். தொடக்கூடாது!

ட்ரெமெய்ன் வீட்டில் அன்னாசியை வாடகைக்கு வாங்கவில்லை. பயிரே செய்தார்கள். அதற்கு அவர்கள் கண்ட வழியைக் கேளுங்கள். பக்கம் பக்கமாக மூன்று நீண்ட குழிகள். நடுக்குழியில் அன்னாசிச் செடி. மேலே கண்ணாடி மூடி. இரண்டு ஓரக் குழிகளிலும் புதிய குதிரைச் சாணம், வைக்கோலோடு சேர்த்து நிரப்பப்படும். சாணம் புளித்து மக்கும்போது சூடு கிளம்பும். எருக்குழியைக் கிளறியவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். குழிகளுக்கு நடுவிலுள்ள செங்கல் சுவரில் புறாக்கூண்டு மாதிரி துளைகள் விட்டிருக்கிறார்கள். அந்தத் துளை வழியே சூடான காற்று போய்ச் செடியைக் கதகதப்பாக வைக்கும்.

கேட்கச் சுலபம். செய்தவனுக்குத்தான் தெரியும். சாணம் சில வாரங்களில் ஆறிவிடும். ஆறினால் செடி செத்தது. ஆகவே பழையதை அள்ளிப் புதியதைப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். பனி பெய்தாலும் அள்ளவேண்டும். பண்டிகை என்றாலும் அள்ளவேண்டும். பழம் கைக்கு வர இரண்டு ஆண்டுக்குக் குறையாது. சீமான் வீட்டு மேஜையில் ஒரு துண்டு அன்னாசி இனித்ததென்றால், அதற்குப் பின்னால் இரண்டு குளிர்காலம் சாணம் சுமந்த முதுகுகள் இருந்தன.

முதல் உலக யுத்தத்துக்கு முன் ஹெலிகன் தோட்டத்தில் 20-க்கு மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். அந்தக் காலத்துப் பண்ணைகளில் ஏழைப் பையன்கள் பள்ளி முடிந்ததும் தோட்ட வேலைக்கு வருவது வழக்கம். முதலில் மண் தொட்டி கழுவவேண்டும். பிறகு களை பிடுங்கவேண்டும். கண்ணாடி வீட்டு அடுப்புக்கு இராத்திரி முழுவதும் நிலக்கரி போடவேண்டும். ஆண்டுகள் பல கழிந்து, கெட்டிக்காரனாக இருந்தால், தலைமைத் தோட்டக்காரன் ஆகலாம். தலைமைத் தோட்டக்காரன் என்றால் சீமானே மரியாதையாகப் பேசுவார்.

ஆகஸ்ட் 1914

1914 ஆகஸ்ட் 4-ம் தேதி ஜெர்மனியுடன் பிரிட்டன் போரில் இறங்கியது. கிராமம் கிராமமாகப் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தார்கள். முதலில் கட்டாயம் இல்லை. 1916-ல்தான் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. ஆனால் அதுவரை காத்திருக்காமல் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தாங்களாகவே போனார்கள். சீக்கிரமே சண்டை முடிந்துவிடும் என்று பலரும் நம்பினார்கள்.

ஹெலிகனில் தோட்டக்காரர்களுக்கென்று மதில் ஓரத்தில் ஒரு கழிவறை இருந்தது. அந்தக் காலத்து ஆங்கிலேயர் கழிவறைக்கு வேடிக்கையாக வைத்த பெயர் "இடிப்பெட்டி". பெயர்க் காரணத்தை விளக்க வேண்டியதில்லை! வேலைக்கு நடுவே கொஞ்சம் கால் நீட்ட அது ஒன்றுதான் இடம் போலிருக்கிறது. சுவரில் யாரோ ஒரு குறும்புக்காரர், "தூங்குவதற்கும் சோம்புவதற்கும் இங்கே வராதே" என்று பொருள்பட எழுதி வைத்திருக்கிறார்.

அதற்குக் கீழே, அந்த ஆகஸ்ட் மாதத்தில், தோட்டக்காரர்கள் வரிசையாகத் தங்கள் பெயரை எழுதினார்கள். மாதத்தையும் ஆண்டையும் குறித்தார்கள். ஏன் எழுதினார்கள் என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. விளையாட்டாக இருக்கலாம். மரத்தில் பெயர் செதுக்குகிற பையன் புத்தியாக இருக்கலாம். ஊரை விட்டுப் போகிறவனுக்குத் தன் பெயரை எங்காவது விட்டுப் போகத் தோன்றும். அதுவாகவும் இருக்கலாம்.

அவர்களில் பலர் திரும்பி வரவில்லை. பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் சேறு நிறைந்த பதுங்கு குழிகள் அவர்களை எடுத்துக்கொண்டன. மண்ணை வெட்டப் பழகிய கைகள், கடைசியில் வெட்டியதும் மண்ணைத்தான்.

முள் வளர்ந்தது

ஆள் குறைந்ததும் தோட்டம் தளர்ந்தது. யுத்த காலத்தில் மாளிகை, காயம்பட்ட ராணுவ அதிகாரிகள் தங்கித் தேறும் இடமாயிற்று. யுத்தம் முடிந்து மாளிகை மீண்டும் குடும்பத்தின் கைக்கு வந்தது. ஆனால் ஜாக் ட்ரெமெய்னுக்கு அங்கே மனம் ஒட்டவில்லை. எந்தப் பாதையில் போனாலும் இறந்தவர்களின் நினைவு. 1920-களில் அவர் இத்தாலிக்கே போய்விட்டார். தம் தோட்டத்தில் இத்தாலியைக் கொண்டுவந்தவர், பிறகு இத்தாலியிலேயே இருந்துவிட்டார்.

மாளிகை வாடகைக்குப் போனது. இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கப் பட்டாளத்தார் வந்து தங்கினார்கள். 1970-களில் மாளிகையைப் பல குடியிருப்புகளாகப் பிரித்து விற்றார்கள். தோட்டம் அந்த விற்பனையில் சேரவில்லை. அதைக் கேட்பாரும் இல்லை.

கார்ன்வாலில் மழைக்குக் குறைவில்லை. மண்ணும் வளம். கேட்பாரற்ற நிலத்தில் முள்ளுக்கு வேறென்ன வேண்டும்? முட்புதர் ஆள் உயரத்துக்கு மேல் ஏறியது. ஐவிக் கொடி மதிலை மூடியது. பாதைகள் மண்ணுக்கடியில் போயின. கண்ணாடி வீடுகளின் கூரை உடைந்தது. உள்ளே முளைத்த மரம் கூரை வழியே தலையை வெளியே நீட்டியது. ஒருகாலத்தில் செடிக்கு இடம் கொடுத்த கட்டடத்தை, இப்போது செடியே தூக்கிச் சுமந்தது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஒரு புதர்க்காடு. பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு உள்ளே இத்தனை பெரிய தோட்டம் புதைந்து கிடக்கிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

அரிவாளோடு நுழைந்தவர்கள்

1990 ஜனவரி 25-ம் தேதி பிரிட்டனைப் பெரும்புயல் தாக்கியது. ஹெலிகனிலும் பெரிய பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்தன. தோட்டத்தின் கதை இத்தோடு முடிந்தது என்று நினைக்கும்படி இருந்தது. ஆனால் கதை தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

ட்ரெமெய்ன் வம்சத்தைச் சேர்ந்த ஜான் வில்லிஸ் என்பவருக்கு அந்த நிலம் பாத்தியமாக வந்திருந்தது. அவருக்கு டிம் ஸ்மிட் என்பவரோடு பழக்கம் ஏற்பட்டது. ஸ்மிட் ஹாலந்தில் பிறந்தவர். தொல்பொருள் ஆராய்ச்சி படித்தவர். பிறகு பாட்டுத் தட்டுகள் தயாரிக்கும் தொழிலில் இருந்தார். அதையும் விட்டுவிட்டு, கார்ன்வாலுக்கு வந்து, அபூர்வ இனக் கால்நடைகளை வளர்க்க இடம் தேடிக்கொண்டிருந்தார். தோட்டக்கலைக்கும் அவருக்கும் அதுவரை பெரிய சம்பந்தம் இல்லை!

1990 பிப்ரவரியில் இருவரும் கையில் வெட்டரிவாளோடு முட்புதருக்குள் புகுந்தார்கள். வெட்ட வெட்ட முள். திடீரென்று ஒரு மதில். மதிலில் ஒரு வாசல். உள்ளே, உடைந்த கண்ணாடி வீடுகளின் எலும்புக்கூடுகள்.

ஸ்மிட் கால்நடைப் பண்ணையை மறந்தார். ஜான் நெல்சன் என்ற உள்ளூர்க் கட்டடக்காரர் கூடச் சேர்ந்தார். ஒரு சிறு கூட்டம் முள்ளை வெட்டியது, விழுந்த மரத்தை அப்புறப்படுத்தியது, மண்ணைத் தோண்டிப் பாதையைத் தேடியது. தொல்பொருள் படிப்பு இப்போது கைகொடுத்தது. பூமிக்கடியில் பழைய நகரத்தைத் தேடுவதுபோல் அவர்கள் பூந்தோட்டத்தைத் தேடினார்கள்.

அப்போதுதான் மதில் மூலையில், இடிந்து விழுந்த கற்களுக்கு அடியில், அந்தச் சிறு அறை வெளிப்பட்டது. தூசியைத் துடைத்ததும் சுவரில் எழுத்து தெரிந்தது. பெயர்கள். ஆகஸ்ட் 1914.

அது வரைக்கும் இந்தத் தோட்டம் ஏன் அழிந்தது என்பது ஒரு புதிர். அந்தச் சுவரைப் பார்த்ததும் விடை கிடைத்துவிட்டது. சுவரில் இருந்த பெயர்களைப் பழைய ஆவணங்களோடும், சுற்றுவட்டார ஊர்களில் உள்ள போர் நினைவுக் கற்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த இளைஞர்கள் யார், எங்கே போனார்கள், என்ன ஆனார்கள் என்பது ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

பெரிய மாளிகைத் தோட்டங்களுக்குப் போனால் சாதாரணமாக எதைக் காட்டுவார்கள்? இது இன்ன பிரபு வைத்த மரம், இது இன்ன சீமாட்டி உலாவிய பாதை என்பார்கள். ஹெலிகனைத் திருத்தியவர்கள் வேறு விதமாக முடிவு செய்தார்கள். இங்கே வேலை செய்தவர்களின் கதையைத்தான் சொல்லவேண்டும், அவர்கள் செய்த முறையிலேயே தோட்டத்தை நடத்தவேண்டும் என்று உறுதி எடுத்தார்கள். அப்படியே 1992-ல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

அன்னாசிக் குழியையும் விடவில்லை. பழைய முறைப்படி குதிரைச் சாணம் அள்ளிப் போட்டார்கள். எத்தனை போட்டால் எத்தனை சூடு என்று சொல்லித்தர ஒருவரும் உயிரோடு இல்லை. பல முறை தவறித் தவறிக் கற்றார்கள். கடைசியில் பழம் பழுத்தது! முதல் பழத்தைத் தாங்களே வெட்டித் தின்று பார்த்தார்கள். சாணத்தின் வாசனை ஏறியிருக்குமோ என்ற பயம். அப்படி ஒன்றும் இல்லை. அடுத்த பழம், 1997-ல், எலிசபெத் ராணியின் 50-வது திருமண நாளுக்குப் பரிசாகப் போனது. கூலி, எரு, பராமரிப்பு எல்லாம் கணக்குப் பார்த்தால் ஒரு பழத்துக்கு ஆயிரம் பவுனுக்கு மேல் அடக்கம் ஆகிறது என்கிறார்கள். கடையில் வாங்கினால் சில பவுன்தான். ஆனாலும் நிறுத்தவில்லை.

டிம் ஸ்மிட் பிறகு இன்னொரு பெரிய காரியமும் செய்தார். செயின்ட் ஆஸ்டல் அருகே, வெள்ளைக் களிமண் தோண்டிக் கைவிட்ட பெரும் பள்ளத்தில், குமிழி போன்ற மாபெரும் கூண்டுகளுக்குள் வெப்பநாட்டு மரங்களை வளர்க்கும் "ஈடன்" தோட்டம் 2001-ல் திறக்கப்பட்டதற்கு அவர்தான் முக்கிய காரணம்.

ஒரு நாள் போதாது

இன்று ஹெலிகனில் பார்வையாளர்கள் சுற்றிப் பார்க்கும் இடம் சுமார் 200 ஏக்கர். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் பிற்பகலில் கால் வலியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மேட்டில் உள்ளது வடக்குத் தோட்டம். இங்கே காய்கறித் தோட்டத்தைப் பார்க்கவேண்டும். 300-க்கு மேற்பட்ட வகைக் காய்களும் பழங்களும் உண்டு. பெரும்பாலும் பழைய நாட்டு வகைகள். கயிறு பிடித்ததுபோல் நேரான வரிசை. பக்கத்து மதிலில் நம் வீட்டு விளக்கு மாடம் மாதிரி குழிவுகள் தெரியும். அவை தேனீக்களுக்கு. வைக்கோலால் பின்னிய கூடையைக் கவிழ்த்து அதில் வைப்பார்கள். தேனீயும் வளரும், தோட்டத்துப் பூவும் காய்க்கும்.

ரோடோடெண்ட்ரான்கள் இப்போது கிழட்டு மரங்கள். தடித்த கிளைகள் தரையில் படுத்து எழுந்து நிற்கின்றன. 1920-க்கு முன் இங்கே வந்த ரோடோடெண்ட்ரான்களும் கமேலியாச் செடிகளும் பிரிட்டனின் தேசியத் தொகுப்புகளில் ஒன்றாகப் பாதுகாக்கப்படுகின்றன. பிப்ரவரி, மார்ச்சில் கமேலியா தொடங்கும். மே மாதம் வரை ஒன்று மாற்றி ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும். 70 ஆண்டு ஒருவரும் தண்ணீர் விடாமல், கிளை கழிக்காமல் இருந்தபோதும் இவை செத்துவிடவில்லை. பார்க்க ஆளில்லாமலே ஆண்டுதோறும் பூத்து உதிர்ந்திருக்கின்றன.

அங்கிருந்து பள்ளத்தில் இறங்கினால் ஜங்கிள். மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். குளங்கள் படிப்படியாகக் கீழே போகின்றன. இரண்டு பக்கமும் பெரணி மரங்கள் குடை விரித்து நிற்கின்றன. தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு செடியின் இலை, மாட்டுவண்டிச் சக்கரம் அகலம் இருக்கும். பள்ளத்துக்கு மேலே 100 அடி நீளத்துக்கு ஒரு கயிற்றுப் பாலம் தொங்குகிறது. நடந்தால் ஆடும். குழந்தைகள் ஓடிப் போய்த் திரும்பவும் ஏற வருகிறார்கள். பெரியவர்கள் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு கீழே பார்க்காமல் போகிறார்கள்.

காட்டுப் பாதையில் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். ஒருத்தி படுத்துத் தூங்குகிறாள். மற்றவன் தலையை மட்டும் மண்ணுக்கு வெளியே வைத்துப் பார்க்கிறான். இவர்கள் மண்ணால் ஆன உருவங்கள். சூ ஹில், பீட் ஹில் என்ற உடன்பிறந்த இரு கலைஞர்கள் 1990-களின் இறுதியில் செய்தவை. தூங்கும் பெண்ணுக்குப் புல்தான் கூந்தல், பாசியும் கொடியும்தான் ஆடை. வசந்தத்தில் பச்சைப் பட்டு. கோடையில் நிறம் மாறும். குளிர்காலத்தில் மெலிந்து மண்ணாகத் தெரிவாள். அரக்கன் தலை செய்யப்பட்டது, வேரோடு சாய்ந்த ஒரு மரத்தின் அடிப்பகுதியில். விழுந்த மரத்தை விறகாக்காமல் முகமாக்கியிருக்கிறார்கள். சின்னக் குழந்தைகள் முதலில் அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, பிறகு மெதுவாக வந்து அதன் மூக்கைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

இன்னும் கீழே போனால் பழங்காலத்துக் காடு. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் தரை முழுவதும் நீல மணிப்பூக்கள் விரிந்து கிடக்கும். இந்தக் காட்டில் முன்பு மரத்தை அடியோடு வெட்டாமல், தூரை விட்டு வெட்டுவார்கள். தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். வெட்டிய கம்பைச் சுட்டுக் கரியாக்குவார்கள். அந்த வேலை இன்றும் நடக்கிறது.

லண்டன் பாடிங்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் சுமார் நாலரை மணி நேரத்தில் செயின்ட் ஆஸ்டல். அங்கிருந்து பஸ்ஸிலோ காரிலோ போகலாம். பூக்களுக்காகப் போகிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மழைக்கோட்டை மறக்கக்கூடாது.

கிளம்புகிற அவசரத்தில் பலர் விட்டுவிடும் இடம், முலாம்பழக் கொட்டில் முற்றத்து மூலை. அன்னாசிக் குழிக்குப் பக்கம்தான். அந்த இடிப்பெட்டி அறையை 2013-ல் லண்டனில் உள்ள பேரரசு யுத்த அருங்காட்சியகம் "உயிருள்ள நினைவுச் சின்னம்" என்று அங்கீகரித்தது. பளிங்குக் கல் இல்லை. பீரங்கி இல்லை. வீரன் சிலை இல்லை. வெள்ளை அடிக்காத சுவர் ஒன்றுதான். பென்சில் கோடு ஆண்டுக்கு ஆண்டு மங்கிக்கொண்டு வருகிறது. கண்ணைச் சுருக்கிக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் எழுத்து பிடிபடும். வெளியே ஓர் இளைஞன் தள்ளுவண்டியில் புதுச் சாணத்தைக் கொண்டுவந்து குழியில் கொட்டுகிறான். ஆவி பறக்கிறது.